கீரி இருந்த விரதம்

காட்டுக் குளத்தின் கரையில் காத்தாயி என்ற கரடி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் காட்டில் உள்ள அத்தனை பேரும் அங்கேதான் கூடுவார்கள். தேக்கிலை விரித்ததும் தினைச் சோறு, கிழங்குக் குழம்பு, கீரை மசியல் என்று வரிசையாக வந்து விழும்.

அந்தக் கடைக்குச் செம்பன் என்ற கீரி தன் கூட்டாளி மந்தியோடு முதல் முறையாக வந்தது. செம்பன் பெரிய வீரன். நல்லபாம்பை நேருக்கு நேர் நின்று ஜெயிக்கும். ஆனால் அதன் வயிறு அவ்வளவு வீரமானது இல்லை. பால் கொஞ்சம் உள்ளே போனாலும் உப்பிக்கொண்டு முறுக்கிப் பிழியும்.

“அக்கா, குழம்பில் பால் இருக்கா?” என்று கேட்டது செம்பன்.

“குழம்பில் யாராவது பால் ஊத்துவாங்களா? பயப்படாமல் சாப்பிடு தம்பி!” என்றது கரடி.

செம்பன் நம்பிச் சாப்பிட்டது. பொழுது சாய்வதற்குள் பத்துத் தடவை புதருக்கு ஓடியது.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்டது. “அக்கா, உண்மையாச் சொல்லுங்க. போன வாரக் குழம்பில் பால் இருந்ததா?”

கரடி யோசித்தது. “இறக்கும்போது ஒரு கரண்டி விடுவேன். எல்லாச் சட்டியிலும்தான் விடுவேன். அதைப் போய்ப் பால்னு சொல்ல முடியுமா? அது கைப்பழக்கம்!”

“எனக்கு அந்த ஒரு கரண்டியே ஆகாது அக்கா.”

கடையே சிரித்தது. “பாம்பைக் கடிச்சுத் துப்புற பயலுக்கு என் பால் ஆகாதாமே!” என்று கடைக்குப் பால் தரும் காட்டெருமை தரையில் குளம்பைத் தட்டியது.

“கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது. எல்லாம் மனசுதான்!” என்றது மான்.

கரடி சிரிக்கவில்லை. தன் சமையலைக் குறை சொல்கிறான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அடுத்தவர் வயிற்றைப் பற்றிப் பேசும்போது நமக்கெல்லாம் எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வருகிறதோ!

அப்படியானால் செம்பன் கடைக்கு வராமலே இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். காட்டில் பேச்சு, சிரிப்பு, உறவு எல்லாமே அந்த இலைக்கு முன்னால்தான் நடந்தன. ஒரு வெள்ளி வராதவனை மறு வெள்ளி யாரும் தேட மாட்டார்கள். செம்பனுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை கரடி இலையை விரித்தது. செம்பன் சட்டென்று கைகூப்பியது.

“இலை வேண்டாம் அக்கா. நான் விரதம்!”

அந்தச் சொல் எப்படி வாயில் வந்தது என்று அதற்கே தெரியவில்லை. ஆனால் கடை கப்சிப் என்று ஆனது. காட்டெருமை எழுந்து இடம் விட்டது. கரடி விரித்த இலையைத் தானே மடித்து எடுத்துக்கொண்டு போய், காட்டு வாழைப்பழமும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டுவந்து வைத்தது.

“முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி! எதுக்காக விரதம்?”

செம்பன் வற்றிக் கிடந்த குளத்தைப் பார்த்தது. “மழைக்காக” என்றது.

அன்று முதல் ஒவ்வொரு வெள்ளியும் அதற்குப் பழமும் தண்ணீரும்தான். யாரும் கேலி செய்யவில்லை. வயிறும் சமர்த்தாக இருந்தது. ஒரு சின்னப் பொய், எல்லோருக்கும் நிம்மதி என்று செம்பன் நினைத்துக்கொண்டது.

ஒன்பதாவது வாரம் மழை கொட்டியது!

குளம் நிரம்பி வழிந்தது. “நம்ம செம்பன் கொண்டுவந்த மழை!” என்று காடே கொண்டாடியது. காட்டுக்குத் தலைவரான யானையார் விரதம் முடிக்கும் விருந்துக்கு நாள் குறித்தார். கரடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காட்டெருமையிடம் பால் வாங்கி, சுண்டச் சுண்டக் காய்ச்சி, தேன் விட்டு, ஒரு அண்டா நிறையத் தினைப் பாயசம் வைத்தது.

“முதல் கிண்ணம் உனக்குத்தான் தம்பி. நீ வாய் வச்ச பிறகுதான் மத்தவங்களுக்கு!”

அத்தனை கண்களும் செம்பனையே பார்த்தன. இப்போதாவது சொல்லிவிடலாமா? சொன்னால் விரதம் பொய், வீரமும் போச்சு. செம்பன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. ஒரு தடவை வைத்தால் ஆகாது என்று கரடி இரண்டாவது கிண்ணமும், ஆசையில் மூன்றாவதும் ஊற்றியது.

மூன்று நாள் செம்பன் பொந்தை விட்டு எழவில்லை. துவண்டு கிடந்தது.

காட்டில் குசுகுசுப்பு கிளம்பியது. பாயசம் குடித்த மற்ற எல்லோரும் நன்றாக இருந்தார்கள். அதனால் சந்தேகம் இன்னும் கூடியது. “கீரியோட கிண்ணத்தில் மட்டும் எதையோ கலந்திருக்கா! அன்னைக்குச் சமையலைக் குறை சொன்னான் இல்லே, அந்தக் கோபம்!” என்றது காகம்.

யானையார் அண்டாவைக் காலால் உருட்டிவிட்டார். “நாளை உச்சிப்பொழுதுக்குள் காத்தாயி இந்தக் காட்டை விட்டுப் போய்விட வேண்டும்!” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் மந்தி பொந்துக்கு ஓடிவந்து சொன்னது. “உனக்கு விஷம் வச்சவளுக்கு நல்லா வேணும்டா! இன்னைக்கோட தொலைஞ்சா!”

செம்பன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மழை கொண்டுவந்த மகான் என்ற பேரும் நிலைக்கும். ஆனால் ‘ஆசையாக ஊற்றினாளே’ என்ற நினைப்பு வயிற்றுவலியை விட அதிகமாக வலித்தது. எழுந்து, தள்ளாடித் தள்ளாடிக் குளக்கரைக்குப் போனது.

அங்கே கரடி சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. அதன் குட்டிகள் இரண்டும் அழுதுகொண்டிருந்தன. சுற்றிலும் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

“ஐயா, அக்கா மேல் தப்பில்லை!” என்றது செம்பன். “எனக்குப் பால் ஆகாது. நான் ஒருநாளும் விரதமே இருக்கவில்லை!”

“அப்போ மழை?” என்று முயல் கேட்டது.

“அது தானா வந்தது.”

யானையார் துதிக்கையை உயர்த்தினார். “அடப்பாவி! பால் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொன்னேன் ஐயா. வயிறுன்னு சொன்னேன், சிரிச்சாங்க. விரதம்னு சொன்னேன், எழுந்து இடம் விட்டாங்க.”

காட்டெருமை தலையைக் குனிந்துகொண்டது.

கரடிதான் முதலில் பேசியது. “உன் பொய்யால் என் குட்டிங்க நடுத்தெருவுக்கு வந்திருக்கும். தெரியுமா தம்பி?”

“தெரியும் அக்கா. மன்னிச்சிடுங்க.”

கரடி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தது. “நானும்தான் சொல்லலை. அந்தக் கரண்டிப் பாலை ஒரு கணக்காவே நினைக்கலை” என்றது.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து மான் முனகியது. “எனக்குக் கடலை ஆகாது. இத்தனை நாளா இலைக்கு அடியில்தான் ஒளிச்சு வச்சேன்.” எல்லாம் மனசுதான் என்று அன்று சொன்ன அதே மான்!

யானையார் தாமே அண்டாவை நிமிர்த்தி வைத்தார். காத்தாயி எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை செம்பன் கடைக்கு வந்தது. ஓரமாக அதற்கென்று தனிச் சட்டி ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. கரடி அதிலிருந்து குழம்பை ஊற்றியது. செம்பன் சந்தேகத்தோடு மூக்கைக் கிட்டே கொண்டுபோனது.

“முகர்ந்து பார்க்காதே, கேளு!” என்று அதட்டியது கரடி.

“பால் இருக்கா அக்கா?”

கரடி திரும்பித் தனிச் சட்டியைப் பார்த்தது. பிறகு தன் கையைப் பார்த்தது. வெடுக்கென்று இலையை இழுத்துக்கொண்டது.

“இரு தம்பி, சாப்பிடாதே! பழக்கத்தில் இதிலேயும் ஒரு கரண்டி பால் விட்டுட்டேன். வேற வச்சுத் தர்றேன்!”

புதுக் குழம்பு கொதிக்கும் வரை செம்பன் பசியோடு காத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. செம்பனுக்கு அந்தக் கடையை அன்றுதான் மனதாரப் பிடித்தது.

தன் உடம்புக்கு ஆகாததை வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள்தான் அவரைப் பொய் சொல்ல வைக்கிறார்கள்.