செம்பன் கழற்றாத மயிலிறகு

ஆலங்காட்டுக் குளக்கரையில் கீரிப் படை வரிசையாக நின்றது. அன்றோடு பயிற்சி முடிந்தது. குளத்தின் மேல் பனி மெத்தென்று படுத்திருந்தது. அந்த வெண்மைக்குள் கீரிகள் எல்லாம் மிதப்பது போல இருந்தன.

பயிற்சி கொடுத்த முள்ளம்பன்றி ஹவில்தார், ஒவ்வொரு கீரியின் காதிலும் ஒரு மயிலிறகைச் செருகினார்.

"இது இன்னைக்கு மட்டும்தான்! நாளைக்குக் காவலுக்குப் போகும்போது வளையிலேயே வெச்சுட்டுப் போகணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஐயா!"

எல்லாரையும் விட உரக்கக் கத்தியது செம்பன் என்ற கீரிதான். ஆனால் அவன் கண் குளத்துத் தண்ணீரில் இருந்தது. இறகோடு ராஜா மாதிரி இருந்தான்! எல்லைக்குப் போவது போலவும், இறகைக் கண்டதுமே பாம்புகள் ஓடுவது போலவும் விழித்துக்கொண்டே கனவு கண்டான்.

மறுநாள் அவனுக்குக் கிடைத்தது எல்லை இல்லை. கோரைப் புல்லுக்குள் வாத்து முட்டைகளுக்குக் காவல்! இறகோடேயே போய் நின்றான்.

"முட்டைக்குக் கீரியா காவல்? நல்லா இருக்கு நியாயம்!" என்றது தாய் வாத்து பொன்னலகி.

"முட்டையைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் படையில சேர்ந்தேன் அக்கா. தைரியமா இரை தேடிட்டு வாங்க!"

"அது சரி தம்பி, தலையில என்ன தோரணம்?"

"வீரனோட அடையாளம்!"

"கோரைக்கு மேல ஆடுதேப்பா! அக்கரைக்கே தெரியும். கழட்டி வையேன்."

"படை விஷயம் உங்களுக்கு என்னக்கா தெரியும்?"

பொன்னலகி முணுமுணுத்தபடி நீந்திப் போனது. தென்றல் வீசியது. இறகு ஆடியது. செம்பனும் சேர்ந்து கனவில் ஆடினான்.

அக்கரையில் ஒரு நாகம் தலையைத் தூக்கியது. "ஓகோ! காவல்காரர் கிழக்கே நிக்கிறாரா? ரொம்ப நன்றி ராசா!" என்று மேற்குப் பக்கமாகச் சத்தமில்லாமல் வந்தது.

"ஐயோ, பாம்பு! செம்பா, பாம்பு!" தண்ணீரிலிருந்து அலறியது பொன்னலகி.

செம்பன் பாய்ந்தான். இறகு கோரையில் சிக்கிக்கொண்டது! இழுத்தால் இறகு ஒடியும். நின்றால் முட்டை போகும்.

"போனால் போகுது!" தலையை வெடுக்கென்று உதறினான். இறகு முறிந்தது. காதில் ரத்தம் கசிந்தது. வயிறு தரையில் உரச, பயிற்சியில் பழகியபடி புல்லுக்குள் மறைந்தான்.

நாகம் திரும்பிப் பார்த்தது. இறகு அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. "பயத்துல உறைஞ்சு போயிட்டான்!" என்று சிரித்தபடி முட்டையை விழுங்க வாயைத் திறந்தது.

"இங்கே இருக்கேன்!"

பின்னாலிருந்து பாய்ந்து வாலைக் கவ்வினான் செம்பன். ஒரே உதறல்! நாகம் நடுக்குளத்தில் போய் விழுந்தது. தப்பித்தால் போதும் என்று ஓடியே போனது.

"நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும் அக்கா."

"காது வலிக்குதா? முதல்ல அதைக் கழுவு!" என்ற பொன்னலகி, முறிந்த இறகைக் கொண்டுவந்து முட்டைகளுக்கு அடியில் மெத்தையாக விரித்தது.

பிறகு ஒரு பனிக் காலையில் குஞ்சுகள் குளத்தில் இறங்கின. கடைக்குட்டியின் தலையில் மட்டும் நீல இழை ஒன்று ஒட்டி மின்னியது. கரையில் செம்பன் காவல் இருந்தான். எங்கே இருந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை!

பயிற்சியில் கிடைத்த பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு, கற்ற வித்தையை மட்டும் கொண்டு போகிறவனே அடுத்த வேலைக்குத் தயாரானவன்.