ஒரே வீட்டில் மூவேந்தர்

தென்பாலி நாட்டு மன்னர் இளவேலருக்குப் பல்கலைக்கழகம் என்றால் கொள்ளை ஆசை. எங்கேயாவது கிணறு தோண்டினால்கூட, பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் கட்ட இடம் இருக்குமா என்று கேட்பார். அதனால் அந்த நாட்டில் அவை வகை வகையாக இருந்தன. தலைநகரில் நடுவண் பல்கலைக்கழகம். அதற்குக் கஜானாவே நேராகப் படியளந்தது. மற்ற ஊர்களில் மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம். திறந்தநிலை என்று ஒன்று. வாசல் எப்போதும் திறந்திருக்கும், உள்ளேதான் ஆளைக் காணோம். நிகர்நிலை என்று இன்னொன்று. மாமியார் இல்லாத வீட்டில் நாத்தனார் மாதிரி. இத்தனை போதாதென்று தனியார் பல்கலைக்கழகம் என்ற ஒன்றைக் கொண்டுவரப் புறப்பட்டார் அமைச்சர் பொற்கோடர்.

புதிதாக இடம் தேட அவருக்குச் சோம்பல். ஆற்றங்கரையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் மாந்தோப்போடு இருந்தது. அதற்கு மன்னரே வேந்தர். அவருக்குத் துணையாக இருந்து நடத்தியவர் துணைவேந்தர் பெருந்தேவியார் என்ற இலக்கண ஆசிரியை. உழவர் பிள்ளைகளும் ஓடக்காரர் பிள்ளைகளுமாக நானூறு பேர் காசில்லாமல் அங்கே மருத்துவமும் கணிதமும் படித்தார்கள். அதைத் தன் பெயருக்கு மாற்றித் தந்தால் மன்னருக்குச் சுமை குறையும் என்று பொற்கோடர் ஓலை எழுதிக் கொடுத்துவிட்டார். இனிமேல் உள்ளே நுழையத் தலைக்கு நூறு பொன். அந்த நானூறு பேரில் நூறு பொன்னைக் கண்ணால் கண்டவர்கூடக் கிடையாது.

பெருந்தேவியார் அழுதுகொண்டே அவை விகடர் மூக்காண்டியிடம் போனார். பெயருக்கு ஏற்றபடி எதிலும் மூக்கை நுழைக்கிற ஆள் அவர். உடனே அவைக்குப் போய், இது அநியாயம் என்று சொல்லிப் பார்த்தார். மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தாயிற்று, நாளை முத்திரை வைக்கப் போகிறேன் என்றார். நாளைக்கு மூக்காண்டி பொற்கோடரைப் புகழ்ந்து மட்டுமே பேச வேண்டுமாம். ஒரு சொல் குறைத்துப் பேசினாலும் நாட்டை விட்டே போய்விட வேண்டுமாம்.

மூக்காண்டி பவ்வியமாகத் தலையை ஆட்டினார். புகழ்வதென்றால் விஷயம் தெரிய வேண்டுமே, அந்த ஓலையை ஒரு நாள் தாருங்கள் என்று மட்டும் கேட்டார். கொடுத்தார்கள். அதுவரை அதை யாருமே படிக்கவில்லை. நீளமாக இருந்ததால் மன்னர் படிக்கவில்லை. ஆள் வைத்து எழுதியதால் அமைச்சரும் படிக்கவில்லை.

மறுநாள் அவை கூடியது. பொற்கோடர் மனைவியோடும் மைத்துனரோடும் பட்டு சரசரக்க உள்ளே வந்தார். மூக்காண்டி சங்கை ஊதச் சொன்னார். வெண்கொற்றக் குடை ஒன்றை அமைச்சர் தலைக்கு மேல் பிடித்தார்.

"வேந்தர் பொற்கோடர் வருகிறார். எல்லோரும் எழுந்து நில்லுங்கள்."

வேந்தர் என்றால் எழுந்து பழகிய கால்களல்லவா? பாதி அவை எழுந்துவிட்டது. மூக்காண்டி நிறுத்தவில்லை.

"பின்னால் வருகிற அம்மையார் இணைவேந்தர். அவர் தம்பி துணைவேந்தர். மூவேந்தர் இருக்க முன்பெல்லாம் மூன்று நாடு தேவைப்பட்டது. இவர்களுக்கு ஒரே வீடு போதும்."

மன்னர் முகம் சிவந்தது. "யாரய்யா இங்கே வேந்தர்?"

"நான் புகழ்கிறேன் மன்னா, தாங்கள் சொன்னபடி. எல்லாம் ஓலையில் இருப்பதுதான். மூன்றாம் வரியில் இவர்தான் வேந்தர் என்று இருக்கிறது. ஐந்தாம் வரியில், வேந்தர் ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்குப் பட்டம் சூட்டுவார் என்று இருக்கிறது. தாங்கள் இத்தனை வருஷத்தில் பட்டம் கொடுத்தது பலருக்கு, சூட்டியது இளவரசர் ஒருவருக்குத்தான்."

தளபதியின் கை வாளுக்குப் போனது. பொற்கோடர் அவசரமாக முன்னால் வந்தார். "மன்னா, வேந்தர் என்பது சும்மா பேருக்கு. அதில் ஒன்றுமே இல்லை."

மூக்காண்டி குடையை மடக்கினார். "வேந்தரே பேருக்கு என்றால், அவர் கொடுக்கிற பட்டம்?"

அமைச்சர் மனதுக்குள் கணக்குப் போட்டார். பட்டம் நிஜம் என்றால் வேந்தரும் நிஜம், தலை போய்விடும். பேருக்கு என்றால் கடையே போய்விடும். தலையா கடையா என்று பார்த்ததில் தலைதான் பெரிதாகத் தெரிந்தது.

"அதுவும் பேருக்குத்தான் மன்னா. பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளத்தானே."

"அப்படியானால் அந்த நூறு பொன் மட்டும் நிஜமோ?" என்றார் மன்னர். முத்திரை பெட்டிக்குள் போயிற்று. ஆற்றங்கரைப் பல்கலைக்கழகம் இருந்தபடியே இருக்கும், அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பாக்கிச் சம்பளம் இன்றே போகும் என்று ஆணையிட்டார். அவையின் ஓரத்திலிருந்த பெருந்தேவியார் முன்னால் வந்து கைகூப்பி நின்றார்.

பிறகுதான் மன்னருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஒரு சொல்கூடக் குறைத்துப் பேசாமல் ஆளைக் கவிழ்த்துவிட்டீரே, மூக்காண்டி. உமக்கும் ஒரு பட்டம் தருகிறேன். என்ன பட்டம் வேண்டும்?"

"எதுவானாலும் நூலோடு கொடுங்கள் மன்னா. நூல் இல்லாத பட்டம் எங்கே போய் விழும் என்று கொடுத்தவருக்கே தெரியாது."