வாசலில் தொங்கும் ரொட்டி

"அந்த ரொட்டியை என் கையால வாசல்ல கட்ட மாட்டேன்," என்றான் அன்செல்மோ.

மெக்சிகோவின் மலையூர் ஒன்றில் இறந்தவர்களுக்குப் படையல் மேடை அமைப்பவள் எர்மெலிந்தா. கரும்பை வளைத்துக் கட்டி, செண்டுமல்லி கோத்து, வண்ணத்தாளை வெட்டித் தோரணம் விடுவாள். அன்செல்மோ அவளிடம் தொழில் கற்க வந்தவன். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். தலை நரைத்துவிட்டது, கோபம் மட்டும் நரைக்கவில்லை.

இறந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வீடு தேடி வரும் நாள் அது. யார் வீட்டில் பெயர் சொல்கிறார்களோ, அந்த வீட்டுக்கு வருவார்கள். பேர் சொல்ல ஆளில்லாத ஆவிகளுக்கென்று ஒரு ரொட்டியும் ஒரு குவளைத் தண்ணீரும் வாசலுக்கு வெளியே தொங்கும்.

"ஏன் கட்ட மாட்டீங்க?"

"ஃபெர்மின் வந்து தின்பான்."

"யாரு ஃபெர்மின்?"

"என் தம்பி சிரிலோவை வெட்டினவன். வாய்க்கால் தண்ணி முதல்ல யாருக்குங்கிற தகராறுல. ஜெயில்லயே செத்தான். பெண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. முப்பது வருஷமாச்சு. தண்ணிக்காக என் தம்பியைக் கொன்னவனுக்கு என் கையால தண்ணியா? எந்த ஊர் நியாயம் இது?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. கேட்டால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

"அவன் ஒருத்தனுக்காக மத்த ஆவியெல்லாம் பசியோட போகணுமா?"

"போகட்டும்! அத்தனையும் பட்டினி கிடக்கட்டும்! அவன் ஒரு வாய் தின்னக் கூடாது!"

தெருவில் பூக்கூடையோடு ஒரு கிழவர் போனார். எர்மெலிந்தா கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஐயா, ஃபெர்மினைத் தெரியுமா?"

"எந்த ஃபெர்மின்?"

பதிலுக்குக்கூட நிற்காமல் அவர் போய்விட்டார்.

அன்செல்மோவின் முகம் சிவந்தது.

"பாத்தீங்களா? ஊரே மறந்துடுச்சு! வெட்கங்கெட்ட ஊரு! நான் மறக்கல. காலையில எழுந்ததும் அவன் பேரைச் சொல்லிச் சபிச்சிட்டுத்தான் பல்லே விளக்குவேன்."

"தினமுமா?"

"ஒரு நாள் தவறினதில்ல."

எர்மெலிந்தா ஓர் அட்டையையும் கரித்துண்டையும் நீட்டினாள்.

"அவன் வரக் கூடாதுன்னு எழுதி மாட்டிடுங்க. ரொட்டியை நான் கட்டிக்கறேன்."

அவனுக்குப் பரம திருப்தி. பெரிய எழுத்தில் எழுதினான்: 'யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஃபெர்மின் மட்டும் கூடாது.' பெயரின் மேல் மட்டும் இன்னும் இரண்டு தடவை கரியை அழுத்தி ஓட்டினான். நிலையில் வைத்து ஆணி அடித்தான்.

எர்மெலிந்தா வாசித்துப் பார்த்தாள்.

"இவனுக்கு வாசல்ல என்ன வேலை?"

"அதைத்தானே நானும் அப்போலேருந்து சொல்றேன்!"

"வாசல், பேர் சொல்ல ஆளில்லாதவங்களுக்கு. இவனுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

அன்செல்மோ அட்டையைப் பார்த்தான். அந்த வாசலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதுவும் அவன் கையெழுத்தில்.

கரி படிந்த விரலால் அந்தப் பெயரைத் தொட்டான்.

"அப்போ," என்றான். "இந்த முப்பது வருஷமா அவன் யார் வீட்டுக்கு வந்துட்டிருந்தான்?"

எர்மெலிந்தா ஆணி பிடுங்கும் குறடை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.