மருத மரத்துக்குக் கட்டிய சேலை

"தாயி, மரம் மொட்டையாகிட்டு வருது. நீங்க சொன்னபடிதான் செஞ்சோம்," என்றார் பிரமநாயகம்.

குரு ஆவுடைத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீடரைவிடப் பத்து வயது இளையவள். அவளிடம் பாடம் கேட்பதில் பிரமநாயகத்துக்கு வெட்கமில்லை, பெருமைதான். நாலு ஊருக்கு அதைச் சொல்லிக்கொண்டும் திரிவார்.

"சந்தை மரமா அண்ணாச்சி?"

"ஆமா, அந்த மருத மரம்தான். அதைச் சொல்லித்தானே எங்க ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் நெஞ்சை நிமித்திட்டு நடக்கான்."

விஷயம் இதுதான். எங்கிருந்தோ கட்டை லாரியோடு வந்த ஒரு அந்துப்பூச்சி அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் புழுக்கள் இரவெல்லாம் இலையைத் தின்னும். விடிந்தால் இறங்கி, இருட்டான இடம் தேடிப் பதுங்கும். போன வருஷமே மரம் இலையில்லாமல் நின்றது. இந்த வருஷமும் நின்றால் பட்டுப்போகும்.

சில நாளுக்கு முன் பிரமநாயகம் வந்து இதைச் சொன்னதுமே ஆவுடைத்தாய் தன் பழைய காவிச் சேலையைக் கிழித்துக் கொடுத்திருந்தாள். அடிமரத்தைச் சுற்றிக் கட்டினால் புழு அதற்குள் வந்து சேரும்.

"கட்டுனீங்களா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க. மேளம் வெச்சுல்லா கட்டுனோம். எங்க குரு சேலை. பக்கத்து ஊர்க்காரனுக்கு வயிறெரியுது."

"தினமும் பகல்ல அவுத்துப் புழுவை வழிச்சுப் போடச் சொன்னேனே?"

பிரமநாயகம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்க உடம்புல கிடந்த துணி, தாயி. அதைப் போய் அவுக்க யாருக்கு மனசு வரும்?"

கீரையை அப்படியே வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

சந்தையில் கூட்டம் கூடிவிட்டது. சேலையே தெரியாதபடி மஞ்சள், குங்குமம், மாலை. சுற்றிலும் கோலம். பிரமநாயகம் முன்னால் நின்று, பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கிளைகளுக்கு நடுவே வானம்தான் தெரிந்தது.

மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். கூட்டத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

துணிக்குள்ளிருந்து பிடி பிடியாய்ப் புழுக்கள் உதிர்ந்தன. ஒவ்வொன்றும் விரல் தண்டிக்குக் கொழுத்திருந்தது.

இத்தனை நாளும் இதற்கா சூடம் காட்டினோம் என்று பிரமநாயகத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

ஆவுடைத்தாய் அவர் தோளில் கிடந்த துண்டை உருவினாள். மரத்தைச் சுற்ற எட்டவில்லை. காய்க்காரர் துண்டையும் மீன்காரர் துண்டையும் வாங்கி, ஒன்றோடொன்று முடிந்து, இழுத்துக் கட்டினாள்.

"இது யார் துண்டு அண்ணாச்சி?"

"என் துண்டுதான், தாயி."

"வேர்வை நாறுதே."

"நாறத்தான் செய்யும். நான் முகம் துடைக்கிற துண்டுல்லா."

"அப்ப நாளைக்கு அவுத்துருவீங்க."