நிலவறையில் வைத்த மல்லிகை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள், எந்த ஊரில்தான் இப்படி ஒருவர் இல்லை? கத்திரி வெயில் நாளொன்றில், அயல்நாட்டுத் தூதர் எதிரிலேயே ராஜாவின் கழுத்து மாலை வாடித் தொங்கிவிட்டது. வெயிலைப் பிடித்து அடைக்க முடியுமா? மாலை கட்டிய சடையப் பண்டாரத்தைப் பிடித்து நிலவறைச் சிறையில் அடைத்துவிட்டார்.

பண்டாரத்தின் மனைவி ஆவுடை, அரண்மனை விகடன் வெள்ளைத்தம்பியிடம் ஓடிவந்து அழுதாள்.

"அண்ணே, அவருக்கு இளைப்பு நோவு. அந்த ஈரத்துல கிடந்தா செத்தே போயிருவாரு. நீங்க சொன்னா ராஜா கேப்பாரு."

வெள்ளைத்தம்பி சபையில் பண்டாரத்துக்காகப் பேசினான். அவனைக் கண்டாலே வயிறெரியும் பிரதானி உத்தண்டர் குறுக்கிட்டார்.

"பிரபு! இன்று கட்டிய மல்லிகை மாலை ஒன்றை இவர் நாளைச் சபைவரை வாடாமல் வைத்திருக்கட்டும். வைத்தால் பண்டாரத்தை விட்டுவிடலாம். வாடினால் இவரும் சிறைக்குப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் வெள்ளைத்தம்பி ஈர வாழைப்பட்டையைப் பிரித்தான். மாலை அப்போதுதான் கட்டியதுபோல் இருந்தது, வாசனை சபையெங்கும் பரவியது. ராஜா வியந்துபோய், "எங்கே வைத்தாய்?" என்றார்.

"தங்கள் நிலவறையில்தான், பிரபு. அங்கே வெயில் இல்லை, சுவரில் தண்ணீர் கசிந்தபடியே இருக்கிறது. பூவுக்குச் சுகம், மனிதனுக்கு மூச்சு முட்டும். பூவை வைக்க வேண்டிய இடத்தில் தாங்கள் ஆளை வைத்துவிட்டீர்கள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "பலே! இனி நிலவறை பூவுக்குத்தான். கைதிகளை வெளியே விடுங்கள்!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

உத்தண்டர் பணிவாகக் கைகட்டி நின்றார். "உத்தமமான ஏற்பாடு, பிரபு. பூவுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டுமே? அந்த இடம் பழகியவன் பண்டாரம்தான்."

"அதுவும் சரி! பண்டாரம் இனிக் கைதி அல்ல, நிலவறைப் பூ அதிகாரி. அங்கேயே தங்கட்டும்!"

சபையே சிரித்தது. வாயை வைத்துப் பிழைத்த வெள்ளைத்தம்பி சபையை விட்டு நடந்தான். பாவி, அந்த இடத்தின் அருமையைத் தானே எடுத்துச் சொல்லிவிட்டானே!

வெளியே காத்திருந்த ஆவுடை முத்துமாலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "ஜெயிச்சுட்டீங்களா அண்ணே! அவரு பின்னால வர்றாரா?"

அவன் மாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இது எதுக்குண்ணே எனக்கு? அவரு எங்கே?"

உள்ளே ராஜா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.