சடையாண்டி வீட்டு விருந்தாளிகள்

மடத்துக்கு வந்த ஆறாம் வருடம், ஆனி மாதத்து ஒரு காலையில், தெய்வேந்திரன் பாக்கியத்தம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்காது. தன்னைவிட இருபது வயது இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்குக் கூச்சம் இல்லை. மடத்தில் இருந்த மற்ற ஒன்பது பேரோடுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. தேவைக்கு மேல் ஒருவரிடமும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மேலே குகை காலியாத்தானே கெடக்கு. நான் அங்க போயிடலாம்னு இருக்கேன்."

அம்மா முறத்தில் மொச்சை புடைத்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளைக்கு?"

"உசிரு இருக்கற வரைக்கும்."

"இங்க என்ன குறை ஐயா?"

"குறை ஒண்ணுமில்ல. ஆளுங்கதான் அதிகம். எனக்கு யாரும் வேணாம்மா. வீட்டுக்காரி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. மகனோட பேச்சு இல்ல. நான் தனியா இருந்து பழகினவன்."

முறம் ஓய்ந்தது.

"சரி, போங்க. அதுக்கு முன்னாடி ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துடுங்க. இந்த மலைக்கு அந்தப் பக்கம் பழைய ஏலக்காய்த் தோட்டம் ஒண்ணு இருக்கு. அங்க சடையாண்டின்னு ஒருத்தர். பத்தொன்பது வருஷமா தனியா இருக்கார். அரிசி கொண்டுபோய்க் கொடுத்துட்டு மூணு நாள் கூட இருங்க. தனியா இருக்கறது எப்படின்னு அவர்கிட்டக் கேட்டுட்டு வாங்க."

"அரிசி யாரு கொண்டுபோவாங்க வழக்கமா?"

"தேன் எடுக்கற ஆளுங்க. இப்ப அவங்க அந்தப் பக்கம் போறதில்ல."

"ஏன்?"

அம்மா மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் விடிந்ததும் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார் தெய்வேந்திரன். உச்சி வரைக்கும் வெயில். உச்சியைத் தாண்டியதும் வெள்ளைப் புகைபோல மஞ்சு இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் எது மரம், எது ஆள் என்று தெரியவில்லை. ஏலச்செடிகள் காடாகி வழியை மூடியிருந்தன. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

வீடு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் பேச்சுச் சத்தம் காதில் விழுந்தது.

நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. ஒரு தடித்த ஆண்குரல் ஏதோ சொல்லிச் சிரித்தது. இன்னொன்று இருமியது. அப்புறம் ஒரு பெண்குரல்.

"அரிசி தீர்ந்தா சொல்லியனுப்புங்கய்யா. கூச்சப்படாதீங்க."

தெய்வேந்திரன் நின்றுவிட்டார். அது அம்மாவின் குரல். 'ய்யா'வை லேசாக இழுக்கும் அதே இழுப்பு. முந்தின நாள் காலையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவர் தனக்கு முன்னால் எப்படி இங்கே வந்தார்?

"யாரு வீட்டில?" என்று கூப்பிட்டார்.

பேச்சு சட்டென்று அறுந்தது. கதவு திறந்தது. வற்றிய உடம்பும் சுத்தமாக மழித்த முகமுமாக ஒரு கிழவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரே அறை. தரையில் ஐந்து அலுமினியத் தட்டுகள் வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. ஆள் ஒருவரும் இல்லை.

"வாங்க, வாங்க. நீங்க வருவீங்கன்னு பாலுச்சாமி அப்பவே சொன்னான்," என்றார் சடையாண்டி.

"பாலுச்சாமி யாரு?"

"கார்டு. ஃபாரஸ்டு கார்டு."

"எங்க அவரு?"

"இங்கதான் இருந்தான். பின்னால போயிருப்பான்." கிழவர் உள்ளே திரும்பி, "தள்ளி உக்காருங்கப்பா, ஆள் வந்திருக்காக," என்றார். பிறகு ஆறாவது தட்டு ஒன்றை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து வட்டத்தில் வைத்தார்.

பின்பக்கம் போய்ப் பார்த்தார் தெய்வேந்திரன். மரவள்ளிச் செடிகளும் ஒரு ஊற்றும் இருந்தன. ஈர மண்ணில் ஒரே ஒரு ஆளின் கால்தடம்.

முதல் நாள் தெய்வேந்திரன் தான் ஓய்வு பெற்ற வாத்தியார் என்று மட்டும் சொல்லியிருந்தார். இரண்டாம் நாள் சடையாண்டி தன் கதையைச் சொன்னார். அவர் தோட்டத்துக் காவல்காரர். செடியில் நோய் விழுந்து தோட்டத்தை மூடினார்கள். கூலியாட்கள் எல்லோரும் கீழே இறங்கினார்கள். 'நீங்க காவலுக்கு இருங்க, அடுத்த மாசம் மாத்து ஆள் அனுப்புறோம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மாதமே மண் சரிந்து பாதை போயிற்று. மாற்று ஆள் வரவில்லை. தன் ஊரில் தனக்கென்று யாரும் இல்லாததால் அவரும் இறங்கவில்லை.

"முதல் வருஷம் வழியவே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்," என்றார்.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு அவர் தெய்வேந்திரனின் முகத்தைப் பார்த்தார். எதையோ எதிர்பார்ப்பதுபோல இருந்தது. தெய்வேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தபோது கிழவர் ஒரு சாண் தூரத்தில் குந்தியிருந்தார். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல வாத்தியாரய்யா. பேசுங்க."

"எனக்குப் பேசற பழக்கம் இல்ல."

"உங்க வீட்டுக்காரம்மாவப் பத்தி ஏதாவது சொல்லுங்க."

"என்னப் பத்தி எதுவும் கேக்காதீங்க. தள்ளி உக்காருங்க."

அப்போதுதான் அதைக் கவனித்தார். அவர் பேசும்போதெல்லாம் சடையாண்டியின் உதடுகளும் கூடவே அசைந்தன. சத்தம் இல்லை. 'தள்ளி உக்காருங்க' என்று அவர் சொன்னபோது கிழவரின் உதடுகளும் அதையே சொல்லின. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்வது தெய்வேந்திரனின் வழக்கம். கிழவரின் தொண்டையும் ஏறி இறங்கியது.

அதன் பிறகு கிளம்பும் வரைக்கும் அவர் அந்த வீட்டில் வாயே திறக்கவில்லை, ராத்திரி கிழவர் விடாமல் இருமியபோதும்கூட. சாப்பாட்டு வேளைகளில் ஆறு தட்டிலும் மரவள்ளிக்கிழங்கு விழும். கிழவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் வச்சுக்க," என்பார். தெய்வேந்திரன் தன் பங்கைத் தின்றுவிட்டு எழுந்து போய்விடுவார். மற்ற தட்டுகளில் இருந்தது என்ன ஆயிற்று என்று அவர் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது எல்லாத் தட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

மூன்றாம் நாள் மத்தியானம் மூட்டையைக் கட்டிக்கொண்டு, வந்த வேலையைக் கேட்டார்.

"தனியா இருக்கறது எப்படின்னு உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

சடையாண்டி நிஜமாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது.

"எனக்கெப்படித் தெரியும் வாத்தியாரய்யா? நான் ஒருநாக்கூட தனியா இருந்ததில்லையே."

தெய்வேந்திரன் வாசலுக்கு வந்தார். அவர் செருப்பைக் காணோம்.

"என் செருப்பு எங்க?"

"எந்தச் செருப்பு?"

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தார். அங்கே வரிசையாக ஐந்து ஜோடி. கனத்த பூட்ஸ் ஒன்று. டயரில் வெட்டிய செருப்பு இரண்டு ஜோடி. பெண்கள் போடும் சிறிய செருப்பு ஒன்று. கடைசியில் அவருடையது. எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய் தடவித் துடைத்து வைத்திருந்தது. அவருடைய செருப்பில் எண்ணெய் இன்னும் காயவில்லை.

"இதுக்கெல்லாம் சொந்தக்காரங்க எங்க?" என்று கேட்டார்.

"இங்கதான் இருக்காங்க," என்றார் சடையாண்டி.

தெய்வேந்திரன் தன் செருப்பை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் கிழவர் குனிந்து அதை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அடிக்க வரவில்லை. திட்டவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரோடு ஒண்டி நின்றார்.

தெய்வேந்திரன் வெறுங்காலோடு வெளியே வந்தார்.

மஞ்சுக்குள் இருபதடி நடந்திருப்பார். பின்னால் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

அது தெய்வேந்திரனின் குரல்.

பள்ளிக்கூட மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்கும் அதே கனத்த குரல். அவர் கை தானாகப் போய்த் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தது. தொண்டை அசையவில்லை.

"இல்ல வாத்தியாரய்யா. என்னமோ பசிக்கல," என்றது கிழவரின் குரல்.

"அதெல்லாம் கூடாது. வாங்க, சேந்து உக்காருவோம். ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டே இருந்தீங்களே, நெஞ்சு வலிக்குதா?"

"இப்பத் தேவலாம்."

"பத்தொன்பது வருஷம் எப்படித்தான் இருந்தீங்களோ. நெனச்சா எனக்கு மனசு ஆறல அண்ணே."

தட்டுகள் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவர் கேட்டுப் பன்னிரண்டு வருடம் இருக்கும்.

ஓட வேண்டும் என்று தோன்றியது. தூறல் விழத் தொடங்கியது. ஏலச்செடிகளுக்கு நடுவே நின்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவன்தான் தெய்வேந்திரன், அப்படியானால் இங்கே மழையில் நிற்பது யார் என்று ஒரு நினைப்பு வந்தது. சத்தம் போட்டுத் தன் பெயரைச் சொல்லிப் பார்க்க நினைத்தார். அந்தக் குரல் தன் வாயிலிருந்து வருமா, வீட்டுக்குள்ளிருந்து வருமா என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

தட்டுச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நடந்தார்.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதமெல்லாம் முள். கெண்டைக்காலில் அட்டைகள். அம்மா அவரைத் திண்ணையில் உட்காரவைத்தார். அட்டைகள் மேல் உப்பைப் போட்டு ஒவ்வொன்றாக உதிர்த்தார். வெந்நீர் ஊற்றிக் காலைக் கழுவிவிட்டார். அவர் கூச்சத்தோடு காலை இழுத்தபோதும் விடவில்லை. அடுப்படியிலிருந்து கஞ்சியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்.

"அவருக்கு சித்தம் கலங்கிப்போச்சு," என்றார் தெய்வேந்திரன்.

"அப்படியா?"

"அங்க போறவங்க குரலையெல்லாம் புடிச்சு வச்சிருக்கார். உங்க குரல்கூட அங்க இருக்கு."

"தெரியும். போன கார்த்திகையில போயிருந்தேன். ஒரு மணி நேரம் இருந்தேன். நானும் வெறுங்காலோடதான் வந்தேன்." அம்மா ஒரு முள்ளைப் பிடுங்கினார். "என்ன பேசறேன் அங்க?"

"அரிசி தீர்ந்தா சொல்லியனுப்பச் சொல்றீங்க."

"ஆமா, அதான் சொன்னேன்." அம்மாவின் முகம் சிறுத்தது. "அது மட்டும்தான் சொன்னேன்."

கஞ்சி ஆறி ஆடை படிந்தது.

"என் குரலும் இருக்கு," என்றார் தெய்வேந்திரன்.

"நீங்க என்ன பேசறீங்க?"

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறேன். நெஞ்சு வலிக்குதான்னு கேக்கறேன். சேந்து உக்காருவோம்னு கூப்பிடறேன்." அவர் கஞ்சியைத் தள்ளி வைத்தார். "அம்மா, உங்க குரல்ல நீங்க சொன்னதத்தான் அவர் சொல்றார். என் குரல்ல மட்டும் நான் சொல்லாததெல்லாம் சொல்றார். அது எப்படி?"

"மூணு நாள்ல நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"என் செருப்பு எங்கன்னு கேட்டேன்."

அம்மா அவருடைய காலைத் துணியால் துடைத்து மெல்லத் தரையில் இறக்கி வைத்தார்.

"அப்ப உங்க செருப்பும் குரலும்தான் போயிருக்கு. நீங்க இன்னும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரலையே, ஐயா."