காட்டுப்பூவரசு ஏன் தனியே நிற்கிறது

அந்தக் காலத்தில் மரங்களுக்குக் காலும் இருந்தது, வாயும் இருந்தது. பகலெல்லாம் அவை உயர்ந்த மலையின் புல்வெளியில் வெயில் காயும். பொழுது சாய்ந்து உறைபனி இறங்கத் தொடங்கினால், ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு பள்ளத்துக்குப் போய்த் தோளோடு தோள் சேர்த்து நின்றுகொள்ளும். காட்டுப்பூவரசின் இடம் செண்பகத்துக்கும் நாவலுக்கும் நடுவில். அந்த இடுக்கில் நின்றால்தான் அதற்குத் தூக்கம் வரும்.

ஒரு மார்கழி மாலை, மாதி என்றொருத்தி முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு அங்கே வந்தாள். மலைக்கு அப்புறம் இருந்தது அவள் தாய்வீடு. மூன்று நாள் நடை. கையில் ஒரு சட்டித் தணல்.

"இன்னிக்கு ராத்திரி மட்டும் உங்களுக்குள்ளே படுத்துக்கிறேன்."

"தாராளமா வா. அந்தச் சனியனை மட்டும் வெளியே வச்சிட்டு வா," என்றது செண்பகம். "ஒரு பொறி பறந்தா நாங்க அத்தனை பேரும் விறகுதான்."

"பனியிலே வச்சா அணைஞ்சிடுமே. நாளைக்கு உச்சியிலே தங்கணும். நெருப்பு இல்லேன்னா பிள்ளை தாங்காது."

மரங்கள் இன்னும் நெருக்கி ஒட்டிக்கொண்டன. குழந்தை தும்மியது.

"நான் வச்சிருக்கேன்," என்றது காட்டுப்பூவரசு.

"உனக்கென்ன கிறுக்கா?" என்றது நாவல்.

"ஒரு ராத்திரிதானே அக்கா. என் இடத்தை மட்டும் பார்த்துக்கோ."

அது விலகிய இடத்தில் தாயும் பிள்ளையும் படுத்தார்கள். காட்டுப்பூவரசு மேட்டில் ஏறி நின்று, தணலைக் கிளைகளுக்குள் பொத்தி வைத்து ஊதிக்கொண்டே இருந்தது. பட்டை கருகித் தடித்தது. குளிரில் இலைகள் சுருண்டன. கீழே மற்ற மரங்கள் எதற்கோ சிரித்தன. எதற்கென்று அதற்குக் கேட்கவில்லை.

விடிந்ததும் மாதி தணலை வாங்கிக்கொண்டாள். "நல்லாயிரு தாயி," என்று கருகிய பட்டையைத் தடவிவிட்டுப் போனாள்.

அன்று மாலை காட்டுப்பூவரசு பள்ளத்துக்கு இறங்கியது. செண்பகமும் நாவலும் ஒட்டி நின்றன.

"அக்கா, கொஞ்சம் நகரு."

நாவல் வேறு பக்கம் பார்த்தது. செண்பகம்தான் பேசியது. "தப்பா நினைக்காதே. உன் மேலே புகை வாடை அடிக்குது. எங்களுக்குப் பயமா இருக்கு."

காட்டுப்பூவரசு மேட்டுக்குத் திரும்பி, அவற்றின் பேச்சுச் சத்தமாவது காதில் விழும் தூரத்தில் வேர் ஊன்றிக்கொண்டது. மற்ற மரங்களும் நெருப்புக்குப் பயந்து அப்புறம் பள்ளத்தை விட்டு வெளியே வரவில்லை.

பள்ளத்துச் சோலைக்கு வெளியே, வெறும் புல்வெளியில், பனிக்காலத்தில் ஒற்றை மரம் தணல் தணலாய்ப் பூத்து நிற்பது அன்றிலிருந்துதான். மலையேறுகிறவர்கள் தூரத்திலேயே அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, அதன் அடியில் கூடாரம் அடிக்க வருகிறார்கள். விடிந்ததும் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.